மூன்று மொழியில் கூப்பிட்டேன்

1

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி எல்லம்மாவும் மகள் சரோஜாவும் பினாங்குத் துறையில் கப்பலை விட்டு இறங்கினார்கள். அந்த நாளை ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டிக் கொண்டாடுகிறோம். ஊரில் தினமும் தின்று அலுத்த களிக்கு இங்கே இப்படியொரு மரியாதை. மாவு கிடைப்பது அத்தனை அபூர்வம்.

இந்த வருஷம் எல்லம்மா களியை உருட்டித் தட்டில் வைத்த நேரத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஞானமுத்துவிடமிருந்து ஒரு சீட்டு வந்தது.

‘கிராணியார் அவர்களுக்கு. தங்கள் மகள் முதல் வகுப்பில் மூன்றாம் வருஷமாக இருக்கிறாள். பாலபாடத்தில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. வருஷக் கடைசிப் பரீட்சையில் ஐந்து வரியாவது வாசித்தால்தான் பெயரைப் பட்டியலில் வைக்க விதி இடம் தரும். தாங்கள் வேறு ஏற்பாடு யோசித்து வைப்பது நல்லது.’

கிராணி என்றால் இந்தச் சீமையில் கணக்கப்பிள்ளை. ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் அந்த உத்தியோகம் பார்க்கிறேன். ஓசூர்ப் பக்கம் எங்கள் ஊர் பாகலூரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு நான் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் போட்டு ராஜாவின் கிரீடத்தைத் தட்டிவிட்டு ஓடுகிறவன். அந்தக் கட்டியங்காரன்தான் இப்போது களி உருண்டையைக் கையில் பிடித்தபடி, வாயில் போடவும் தெரியாமல், தட்டில் வைக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

‘வேறு ஏற்பாடு’ என்றால் என்ன என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நிற்காத பெண் பிள்ளை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் போகும். கொஞ்சம் வளர்ந்ததும் கையில் பால்வெட்டுக் கத்தி வரும். அது கூடாதென்று நான் ரகசியமாக இன்னொரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். மதராஸில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. அங்கே எழுதி, சேர்க்கைப் பாரம் வரவழைத்து, எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று. தகப்பன் கையெழுத்து போடும் இடம் மட்டும் காலி. போட்டால் எட்டு வயதுப் பெண் தனியாகக் கடல் தாண்டிப் போக வேண்டும்.

சீட்டைப் படித்துக் காட்டி, பாரத்தையும் எடுத்து எல்லம்மா முன்னால் வைத்தேன். அவள் பாரத்தைத் தொடவில்லை.

“அஞ்சு வருசம் அப்பன் மூஞ்சி தெரியாம வளந்துச்சு. இனிமே அம்மா மூஞ்சியும் தெரியாம வளரணுமா?”

“அங்க போனா எழுத்து வரும் எல்லம்மா.”

“எனக்குந்தான் ஒரு எழுத்து தெரியாது. என்னையும் எங்கியாச்சும் அனுப்பிடுவீங்களா?”

கூத்து மேடையில் எந்த ராஜாவும் என்னை இப்படி மடக்கியதில்லை. சரோஜா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ரகசியம் பேச முடியாது. சத்தம் குறைத்துப் பேசினாலும் பிரயோஜனமில்லை, உதட்டைப் பார்ப்பாள். நான் களியை வாயில் திணித்து உதட்டை மறைத்துக்கொண்டேன்.

2

அவள் பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். முதல் முறை பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஆறு மாத லீவில் ஊருக்குப் போய் இறங்கினேன். பெட்டியில் ஒரு சிவப்பு ரிப்பன், ஒரு தகர மோட்டார் வண்டி, அப்பா வந்துவிட்டேன் என்று சொல்வதற்கு ஒரு கப்பல் பயணம் பூராவும் ஒத்திகை பார்த்த வசனம். வாசலில் நின்று வசனத்தைச் சொன்னேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

“அதுக்குத் தமிழு அவ்வளவா புரியாதுங்க,” என்றாள் எல்லம்மா, சாதாரணமாக.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்று தெரியும். எங்கள் வீட்டில் தமிழ். எல்லம்மா பிறந்தது மாலூர்ப் பக்கம். அவளுக்குக் கோபமும் கொஞ்சலும் கன்னடத்தில்தான் வரும். அடுத்த வீட்டு நாகம்மா தெலுங்கு. எல்லம்மா காட்டு வேலைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையை வைத்துக்கொண்டது நாகம்மாதான். ஆகவே பிள்ளையைக் கூப்பிட எங்கள் தெருவில் ஒரு முறை உண்டாகியிருந்தது. முதலில் ‘இங்க வா’. திரும்பாவிட்டால் இரண்டடி நெருங்கிக் கன்னடத்தில் ‘இல்லி பா’. அதற்கும் திரும்பாவிட்டால் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத் தெலுங்கில் ‘இக்கட ரா’. மூன்றாவதுக்கு அவள் கட்டாயம் திரும்புவாள். பளிச்சென்று சிரிப்பாள்.

“பாத்தீங்களா? தெலுங்குன்னா ஒரே சொல்லுதான்,” என்பாள் நாகம்மா, பதக்கம் வாங்கியவள்போல.

ஊரே ஒத்துக்கொண்ட தீர்ப்பு அது: தமிழ் வீட்டில் கன்னடத்துக்காரி வயிற்றில் பிறந்த தெலுங்குப் பிள்ளை. நான் அதை நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? எனக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது கேட்கிற தெலுங்கு. அதை வைத்துக்கொண்டு மகளைக் கொஞ்ச முடியாது. அதனால் தினமும் மாலை நாகம்மா வீட்டுக்குப் போய், அவள் அரிசி புடைக்கும்போது எதிரே உட்கார்ந்து, தங்கமே, கண்ணே, என் ராஜாத்தி என்பதற்கெல்லாம் தெலுங்கு கற்றுக்கொண்டேன். முப்பத்தெட்டு வயது ஆள். நாகம்மாவின் புருஷன் வெளியே உட்கார்ந்து பீடி பிடித்தபடி சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருப்பான்.

“என்னா மச்சான், எம் பொண்டாட்டிகிட்ட வந்து ‘பங்காரம், பங்காரம்’னு சொல்லிக்கினு இருக்கிறே?”

“எம் பொண்ணுக்குச் சொல்லப் படிக்கிறேன்டா.”

“அப்ப உம் பொண்ணப் பாத்துச் சொல்லு. இவளப் பாத்து ஏன் சொல்றே?”

நியாயமான கேள்விதான். ஒரு மாதத்தில் நான் நன்றாகவே தேறினேன். என் மகளும் எனக்குத் திரும்ப ஆரம்பித்தாள். கொஞ்சல் வார்த்தையைச் சொல்ல வேண்டுமென்றால் நாகம்மா செய்வதுபோலவே கிட்டே போய், தாடையைப் பிடித்து, முகத்தைத் தூக்கித்தானே சொல்வேன்! தெலுங்கு வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன்.

3

ஓசூரிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊர்ப் புளியமரச் சாலையில் திரும்பும் இடத்தில் ஒரு நாள் நானும் சரோஜாவும் நடந்துகொண்டிருந்தோம். நான் ஒரு மரத்தடியில் செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் தகர மோட்டாரைச் சாலை நடுவில் ஓட்டிக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் நிஜ மோட்டார் வந்தது. டிரைவர் ஹாரனை அடித்தார். அவள் குனிந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் மறுபடி அடித்தார். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. என் மகள் மட்டும் கிளம்பவில்லை.

நான் ஓடினேன். ஓடும்போது என்ன கத்தினேன் என்று நினைக்கிறீர்கள்? தெலுங்கில் கத்தினேன். ஒரு மாதம் படித்த அத்தனை தெலுங்கையும் கொட்டினேன். தங்கமே, கண்ணே, ராஜாத்தி என்று கொஞ்சிக்கொண்டே ஓடிப் போய், அவளை அள்ளிக்கொண்டு சாலையோரச் சாணிக் குழியில் விழுந்தேன். பஸ் நாலு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து கன்னடத்தில் என் பரம்பரையை விசாரித்தார்.

“அத்தினி ஹாரன் அடிக்கிறேன், கொழந்தைக்குக் கிவுடா?”

கிவுடு என்றால் செவிடு. மூன்று மொழிக்கார ஊரில் பிறந்தவனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

சாணிக் குழியில் உட்கார்ந்தபடியே எனக்குப் புரிந்தது. பஸ் ஹாரன் தமிழ் பேசாது, கன்னடம் பேசாது, தெலுங்கும் பேசாது. அதற்கும் அவள் திரும்பவில்லை. நாங்கள் மூன்று மொழி மாற்றியதாக நினைத்தோம். மாற்றியது மொழியை அல்ல. ஒவ்வொரு தடவையும் கிட்டே போனோம், கடைசியில் தொட்டோம். அவள் தொட்டதற்குத் திரும்பினாள். அதை எங்கள் தெருவே தெலுங்கு என்று நினைத்துக்கொண்டது. ஒரே மொழி பேசுகிற ஊராக இருந்திருந்தால் இரண்டு வயதிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

சரோஜா சாணியிலிருந்து தகர மோட்டாரை எடுத்து என் வேட்டியில் துடைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, பழக்கம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு வயசுல அம்மை வார்த்துச்சு. அப்புறம் காதுல சீழு வந்துகினே இருந்துச்சு. பூண்டு போட்டு எண்ண காய்ச்சி ஊத்தினேன். நின்னு போச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.”

“எனக்கு ஏன் எழுதல?”

“எழுதறது அண்ணன். ‘அனைவரும் சுகம்’னுதான் அண்ணனுக்கு எழுத வரும். நான் எழுதச் சொன்னதுக்கும், அவன் அங்க வேலய விட்டுட்டு அழுவான், வேணாம்மான்னுட்டாரு.”

எல்லம்மாவின் அண்ணன் சென்னப்பாவுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

4

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அவளைத் தன் முன்னால் உட்கார வைத்து, இரண்டு கால் உள்ள ஓர் இரும்புத் துண்டைத் தட்டி ஒவ்வொரு காதாக வைத்துப் பார்த்தார். பிறகு அவள் பின்னால் போய் நின்று கை தட்டினார். நான் திரும்பினேன். எல்லம்மா திரும்பினாள். வாசலில் நின்ற சேவகன்கூடத் திரும்பினான்.

“ஒரு காதில் ஜவ்வு முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் ஏதோ கொஞ்சம்தான் கேட்கும்,” என்றார் டாக்டர். “மருந்து தருகிறேன், சீழ் மறுபடி வராமல் இருக்க. போன கேட்கும் சக்தி திரும்ப வராது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கத்தாதீர்கள். எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி நின்று, நிதானமாகப் பேசுங்கள்.”

“எந்த மொழியில பேசறதுங்க?” என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராத மொழி எதுவோ அதை.”

ஊருக்குத் திரும்பியதும் நாகம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் பதக்கத்தைப் பறிகொடுத்தவள்போல் இருந்தாள். மறுநாளிலிருந்து சரோஜாவின் தாடையைப் பிடித்துத் தமிழில் பேச ஆரம்பித்தாள். கொச்சையான, பாதி தெலுங்கு கலந்த தமிழ். அதைப்போல அன்பான தமிழை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இருவரையும் மலாயாவுக்கு அழைத்து வருவதென்று முடிவு செய்தேன். அதற்கு ஓசூர் தாலுகா ஆபீஸில் குழந்தைக்கு ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. அப்போது எங்கள் தாலுகா மதராஸோடு இருக்குமா மைசூருக்குப் போகுமா என்று டீக்கடைக்கு டீக்கடை அடிதடியாகப் பேசிக்கொண்டிருந்த சமயம். குமாஸ்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு, “தாய்பாஷை?” என்றார்.

“தமிழுங்க,” என்றேன்.

“கன்னடா,” என்றாள் எல்லம்மா, தாய் நான்தானே என்கிற தோரணையில்.

துணைக்கு வந்த நாகம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. “நேத்து வரைக்கும் தெலுகு சாமி,” என்றாள்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். “ஏன்யா, தாலுகாவே எந்த ராஜ்யம்னு இன்னும் முடிவாகாம கெடக்குது. உங்க வீட்டுப் பாப்பாவையும் எல்லைக் கமிஷனுக்கு அனுப்பணுமா?”

கப்பல் பாரத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. அங்கஹீனம் ஏதேனும் உண்டா? அதில் நான் எதுவும் எழுதவில்லை. கடல் முழுக்க அந்தக் காலிக் கட்டம் என் மடியில் உட்கார்ந்திருந்தது. பினாங்கில் அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டால்? எத்தனை விதமாகப் பொய் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். குழந்தைக்கு ஜலதோஷம். குழந்தைக்குக் கடல் மயக்கம். குழந்தை தெலுங்கு.

துறையில் இருந்த அதிகாரி மலாய்க்காரர். “பேர் என்ன?” என்று தமிழில் கேட்டார். நான் “சரோஜா” என்றேன். “நீ அல்ல,” என்று கையைக் காட்டினார். மறுபடி கேட்டார். வாய் தானாகவே “சரோஜா” என்றது. மூன்றாம் தடவையும் நான்தான் சொன்னேன். அவர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவள் தோளில் அம்மை குத்திய தழும்பைப் பார்க்க மண்டியிட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே முகம். “பேர் என்ன?” என்றார்.

“சரோஜா,” என்றாள் என் மகள், துறைமுகமே கேட்கிற மாதிரி.

அவர் தழும்பைப் பார்க்கத்தான் குனிந்தார். எங்களுக்கு என்ன உதவி செய்தார் என்று அவருக்கே தெரியாது. நான் மட்டும் அவருக்கு மனதுக்குள் ஒரு கோயில் கட்டினேன்.

5

காதுக்கு வழி தெரிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தோம். முகம் பார்த்துப் பேசப் பேச அவளுக்குப் பேச்சு நன்றாகவே வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. ஒரு வரியில் ‘மரம்’ என்று படிப்பாள். அடுத்த வரியில் அதே மரம் வந்தால் புது ஆளைப் பார்ப்பதுபோல் விழிப்பாள். எழுதினால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். சில கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும்.

நான் என்னென்ன செய்தேன் என்பதை வெட்கத்தோடு பட்டியலிடுகிறேன். வல்லாரை அரைத்துக் கொடுத்தேன். தினமும் வெண்டைக்காய். தேவையில்லாமல் ஒரு மூக்குக் கண்ணாடி. கோயிலில் கயிறு. சுவர் முழுக்கக் கரியால் அகர வரிசை எழுதி, துரை வந்து பார்த்து, தோட்டத்து வீட்டைக் கெடுத்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் ‘மரம்’ என்று நூறு தடவை எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அழுதாள். அன்று எல்லம்மா என்னிடம் பேசவில்லை. நானும் என்னிடம் பேசவில்லை.

ஈப்போவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நிதானமாகச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “இப்படிச் சில பிள்ளைகள் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் எழுத்துக் குருடு என்று வரும்.”

ஏற்கெனவே செவிடு, இப்போது குருடா என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், நோயாளிக்கு அல்ல.

“கண் நன்றாக இருக்கிறது. புத்தி உங்களைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் என்று உறுதியாகச் சொல்லவும் மாட்டேன். காது கேட்காததாலேயே எழுத்து பிந்தலாம். எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்: பொறுமை. அவளுக்குப் பிடிப்பது எதுவோ அதன் வழியாகப் போய்ப் பாருங்கள்.”

பொறுமை. கடையில் கிடைக்கிற சரக்காக இருந்தால் மூட்டையாக வாங்கியிருப்பேன். நான் வாங்கியது மதராஸ் பள்ளியின் பாரத்தை.

6

வாத்தியாரின் சீட்டு வந்தபின் என் பீதி புது அவதாரம் எடுத்தது. எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். எத்தனை நாள் இருக்கப் போகிறாளோ என்று.

தோட்டத்தில் விடியுமுன் ‘பெரட்டு’ நடக்கும். வேலையாட்கள் எல்லோரும் களத்தில் நிற்பார்கள். நான் பேரேட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவேன். “வந்தேன்” என்று குரல் வந்தால் கோடு போடுவேன். பத்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. சரோஜா காஸ் விளக்குக்குக் கீழே என் பக்கத்தில் நின்று, கூட்டத்தின் முகங்களையும் என் பேனா முனையையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நின்றாள்.

ஒரு நாள், “குப்பன்!” என்றேன். “வந்தேன்,” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். கோடு போடப் போனேன். சரோஜா என் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, குப்பன் மாமா வரல.”

“இப்பத்தான சொன்னாரு, வந்தேன்னு?”

“அது ராமய்யா மாமா வாயி.”

காது குறைந்தவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. களம் முழுக்கக் கேட்டது. தலைகள் எல்லாம் ராமய்யா பக்கம் திரும்பின. பிறகு களம் வெடித்துச் சிரித்தது. ராமய்யா தலையில் கை வைத்தபடி முன்னால் வந்தான்.

“கிராணி ஐயா, காது ரெண்டும் நல்லா இருக்கிற ஒங்கள இத்தினி வருசமா ஏமாத்திட்டோம். இந்தப் பாப்பாகிட்ட ஒரு நாளு ஓட்ட முடியலியே!”

“டேய், இத்தினி வருசமாவா?”

“அத ஏன் இப்பக் கேக்கறீங்கோ. பாப்பா, மாமா மேல கோவமா?”

குப்பனுக்குக் காய்ச்சல். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் சொல்லி லீவு போட்டுக்கொடுத்தேன். ஆனால் அப்போது என் கண் வேறிடத்தில் நின்றது. சரோஜா குப்பன் வரவில்லை என்று சொன்னதோடு, பேரேட்டில் ஒரு வரிமேல் விரலையும் வைத்திருந்தாள். அது குப்பன் பெயர்தான்.

இடம் பழகியிருக்கும் என்று நினைத்தேன். நம்புவதில் ஒரு தடவை பட்டவன் நான். ஆபீசுக்குப் போய், அரிசி அளக்கிற வேறு பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். அதில் பெயர்கள் வேறு வரிசையில் இருக்கும். “குப்பன் மாமா எங்க?” விரல் மெதுவாக ஊர்ந்தது. பக்கத்தின் பாதியில் நின்றது. சரி. “ராமய்யா மாமா?” அதற்கு இன்னும் நேரமாயிற்று. மேலே போனாள், கீழே வந்தாள், நெற்றியைச் சுருக்கினாள். கண்டுபிடித்தாள்.

மரம் யாருடைய மரம்? பாலபாடத்து மாடு யாருடைய மாடு? அவளுக்கு அவை ஒட்டவில்லை. முகம் உள்ள பெயர் ஒட்டியது.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஞானமுத்து வாத்தியார் திருநெல்வேலிக்காரர். எதையும் லேசில் நம்ப மாட்டார்.

“வே கிராணி, கண்ணு இடம் பாத்துச் சொல்லியிருக்கும்வே.”

“வேற பட்டியல்லயும் சொல்லிட்டா, வாத்தியாரே.”

அவர் ஒரு காகிதத்தில் ‘குப்பன் வந்தான். ராமய்யா சிரித்தான்.’ என்று எழுதி அவள் முன்னால் வைத்தார். அவள் குப்பனையும் ராமய்யாவையும் உடனே பிடித்தாள். ‘வந்தான்’ வரவில்லை. ராமய்யா பக்கத்தில் இருப்பது ‘சிரித்தான்’ என்று அவளே ஊகித்தாள். அவன் சிரிக்காமல் வேறென்ன செய்வான்? வாத்தியார் காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்தார். பிறகு தன் பெஞ்சுக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற இடத்தில் அவளை உட்கார வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டபின் அவர் ஒரு பழைய நோட்டில் அவளுக்கென்று வரிகள் எழுதினார். எல்லாம் எங்கள் தோட்டத்து ஆட்கள். எல்லம்மா களி கிண்டினாள். மண்டோர் மரத்தடியில் தூங்கினார். கிராணி குழியில் விழுந்தார். கடைசி வரியை யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

“ஆனா ஒண்ணு சொல்லிப்புடுதேன்,” என்றார் வாத்தியார். “பரீட்சைக்கு இந்த நோட்டு செல்லாது. பாலபாடந்தான். விதி.”

7

பரீட்சைக்கு முதல் நாள் மாலை நான் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். தோற்றுவிட்டால் அந்தத் துக்கத்தில் கையெழுத்து கோணலாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

காலையில் சரோஜாவை வகுப்பில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போவதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்து, வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். முட்களும் கொசுவும் நிறைந்த இடம். கட்டியங்காரனுக்குப் பொருத்தமான மேடை.

அவள் முறை வந்தது. வாத்தியார் பாலபாடத்தைத் திறந்து வைத்தார். முதல் வரியை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போய், தானே தெரிந்துகொண்டு திரும்பி வந்து எடுத்தாள். மூன்றாவது. மற்றப் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். நாலாவதில் நெற்றி வேர்த்தது. எனக்கு உடம்பு முழுக்க. ஐந்தாவது வரி. கடைசிச் சொல். நின்றுவிட்டாள்.

எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். அந்தச் சொல் மாம்பழம்.

அவள் தலையைத் தூக்கினாள். வாத்தியாரின் தலைக்கு மேலே, ஜன்னலில் என் முகம் தெரிந்தது. என் மகள் உதட்டைப் படிப்பாள். வாத்தியாருக்கு முதுகில் கண் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. சத்தமில்லாமல் வாயை அகலத் திறந்து மூடினேன். மாம்… பழம். உதடு ஒட்டிப் பிரிந்து ஒட்டியது. இன்னொரு தடவை. ஊமைக் கூத்தில் இத்தனை உழைப்பை நான் காட்டியதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று கண்ணே சொன்னது. பிறகு வாத்தியாரிடம் திரும்பி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்:

“சார், ஜன்னல்ல எங்கப்பா சொல்லிக் குடுக்கறாரு. வேணாம்னு சொல்லுங்க. நானே படிக்கறேன்.”

முப்பது பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். வாத்தியார் மெதுவாகத் திரும்பினார்.

“வே கிராணி. வாய மூடும்வே.”

மூடினேன்.

அவள் குனிந்தாள். முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். நான் சொன்னதை அவள் பார்த்தாயிற்று, அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. நான் காட்டிய சொல்தானா அங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். பட்டவன் மகள் அல்லவா! விரல் பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. யாரோ ஒரு பையன் கொட்டாவி விட்டான். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

“மாம்பழம்,” என்றாள்.

வாத்தியார் பட்டியலை எடுத்தார். பக்கத்தில் இருந்த உதவி ஆசிரியர், “இவ்வளவு நேரம் எடுத்தா எப்படி சார்?” என்றார்.

“அஞ்சு வரின்னு விதியில இருக்கு,” என்றார் ஞானமுத்து, எழுதிக்கொண்டே. “எத்தன மணிக்குள்ளன்னு எழுதலவே.” இரண்டாம் வகுப்புப் பட்டியலில் கடைசிப் பெயராகச் சரோஜாவின் பெயரை எழுதி, மை காயட்டும் என்று ஊதினார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எல்லம்மா வாசலில் நின்றிருந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. கவனிக்கவில்லை.

“என்னாங்க ஆச்சு?”

மூன்று மொழி தெரிந்தவன் நான். ஒன்றிலும் ஒரு வார்த்தை வரவில்லை. பையிலிருந்து பாரத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். வியர்வையில் என் கையெழுத்து கரைந்து நீலக் கறையாகியிருந்தது. அவள் முகம் வெளுத்தது. எழுத்துத் தெரியாதவளுக்கு அந்தக் காகிதம் மட்டும் தெரிந்தது. நான் வேகமாகத் தலையை ஆட்டினேன், அதுவும் அவளுக்குப் புரியவில்லை.

சரோஜாதான் அம்மாவின் தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகச் சொன்னாள்:

“நான் பாசு. அப்பா பெயிலு.”